சராந்தோஸ் மேஸ்திரியும் கடைசி மனையும்

ஏதென்ஸின் கிப்செலி வட்டாரத்தில் எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் நிற்கிற அடுக்குமாடிகளில் பாதியைக் கட்டியவர் சராந்தோஸ் மேஸ்திரி. மீதிப் பாதியைக் கட்டியவர்கள் அவர் கட்டியதைப் பார்த்துக் கட்டினார்கள். நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, எபிரஸ் மலையிலிருந்து ஒரு கொத்தனார் கரணையையும் ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டு ஏதென்ஸுக்கு இறங்கி வந்தவர். காய்கிற கான்கிரீட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். சென்ட்ரிங் பலகையை எப்போது பிரிக்கலாம் என்று சொல்லிவிடுவார். பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்கள். அவர் போட்ட மொட்டைமாடி எதுவும் இன்றுவரை ஒழுகியதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் மழைக்காலத்தில் வந்து பார்க்கலாம்.

கையில் காசில்லாமல் அவர் இத்தனையும் கட்டினார். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. மனைக்காரர் மனையைக் கொடுப்பார், மேஸ்திரி அதன் மேல் கட்டிடத்தை எழுப்புவார், எழும்பிய ஃபிளாட்டுகளை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். முதலில் பொறுக்குகிற உரிமை மனைக்காரருடையது. அவர் மேல்மாடியையும் தெருப் பார்த்த பால்கனியையும் எடுத்துக்கொள்வார். கீழ்த்தளமும் பின்பக்கமும் மேஸ்திரிக்கு வரும். அதை விற்று அவர் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் ஈடு கட்டிக்கொள்ள வேண்டும். வங்கியும் கிடையாது, அரசாங்கமும் கிடையாது. இரண்டு பேருடைய வாக்கும் ஒரு பத்திரமும் போதும். பாதி ஏதென்ஸ் இப்படித்தான் முளைத்தது.

அரசாங்கம் வைத்திருந்ததெல்லாம் ஒரே கட்டுப்பாடு. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் சொல்லிவைத்திருந்தது. ராணுவக்காரர்கள் ஆண்டபோது அந்த மடங்கை ஏற்றிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஏழு மாடி சாதாரணமாகிவிட்டது. அவர்கள் போய்ச் சில வருஷங்களான பிறகும் மடங்கு அப்படியே இருந்தது.

இவ்வளவு சாதித்த மனிதருக்கு நெஞ்சில் ஒரு முள் இருந்தது. முள்ளின் பெயர் லாம்பிஸ்.

லாம்பிஸ் அவருடைய தங்கை புருஷன். சாந்து குழைக்கத் தெரியாமல் வந்தவனுக்குக் குழைக்கச் சொல்லிக்கொடுத்து, சாரத்தில் ஏற்றிவிட்டு, கடைசியில் தங்கை ஸ்தமாத்தியாவையும் கட்டிக்கொடுத்தவர் சராந்தோஸ்தான். அப்படிப்பட்டவன் இரண்டு வருஷமாகப் புது மனை எதையும் தொடவில்லை. பழைய அடுக்குமாடிகளில் விலைபோகாத இருட்டு ஃபிளாட்டுகளை வாங்கினான். நடுச்சுவரை இடித்து இரண்டை ஒன்றாக்கி விற்றான். “அவன் எங்கய்யா கட்டுறான், வெள்ளையடிக்கிறான்” என்று காபிக் கடையில் சராந்தோஸ் சொல்லுவார். ஆனால் வெள்ளையடிக்கிறவனிடம் புதுக் கார் இருந்தது.

காரைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது கிளியோ. லாம்பிஸின் ஒரே மகள், பொருளாதாரம் படித்து, அமைச்சகத்தில் வீட்டு வசதிக் கொள்கைக்கு ஆய்வு செய்கிற அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். எந்த வட்டாரத்தில் எவ்வளவு கட்டலாம், கட்டினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டு மேலே அனுப்புவாள். சராந்தோஸின் மகன் கப்பலில் சமையல்காரன். எப்போதாவது ஒரு துறைமுகப் படம் அனுப்புவான்.

போதாததற்குப் புனிதர்களும் லாம்பிஸ் பக்கமே இருந்தார்கள். எங்கள் ஊரில் பிறந்த நாளைவிடப் பெயர் நாள், அதாவது நம் பெயருக்குரிய புனிதரின் திருநாள், பெரிது. அன்றைக்கு யாரையும் அழைக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார வேண்டும். மதிக்கிறவர்கள் பலகாரப் பெட்டியோடு தாமே வருவார்கள். லாம்பிஸ் என்பது ஹரலாம்போஸ் என்பதன் சுருக்கம்; அந்தப் புனிதர் பிப்ரவரியில் வருகிறார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கியிருக்காது. பாலாடை கேக், வெண்ணெய் பிஸ்கட், எல்லாம் வரும். சராந்தோஸ் என்ற பெயரே நாற்பதிலிருந்து வந்தது; அவருடைய புனிதர்கள் நாற்பது பேர், மார்ச்சில் வருகிறார்கள். பெரும்பாலும் நோன்பில் மாட்டிக்கொள்கிறார்கள். வெண்ணெய் கிடையாது, பால் கிடையாது. எள்ளு அல்வாவைத் தின்ன எத்தனை பேர் மாடி ஏறி வருவார்கள்?

அந்த வருஷம் லாம்பிஸின் பெயர் நாளுக்கு சராந்தோஸ் மனைவி அர்கிரோவோடு போனபோது வாசலிலேயே கூட்டம்.

“வாங்க மச்சான். உங்களுக்காக அந்த நாற்காலில யாரையும் உக்கார விடல” என்றான் லாம்பிஸ்.

“ஏன் மாப்ள, அதோட கால் ஆடுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். லாம்பிஸும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் சராந்தோஸுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மிடறு பிராந்தி குடித்துவிட்டு எழுந்து வாசல் நடைக்குப் போனார். அங்கே ஒரு மேசை மேல் வந்த பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நின்று எண்ண ஆரம்பித்தார். நாடாவின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கடை என்று சொல்லிவிடுவார். மலிவான கடைப் பெட்டியை அரையாகத்தான் கணக்கில் வைத்தார். கூடத்தில் கிளியோ ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், எல்லோரும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘அப்பனைப் புகழ்றா போல’ என்று நினைத்துக்கொண்டு மேல் அடுக்கைத் தூக்கி அடியில் இருந்ததை எண்ணினார்.

ஸ்தமாத்தியா பின்னால் வந்து நின்றாள். “என்னண்ணே பண்றீங்க?”

“தண்ணி குடிக்க வந்தேன்.”

“தண்ணி சமையக்கட்டுல இருக்கு. இங்க கேக்குதான் இருக்கு.”

திரும்பிக் கூடத்துக்கு வந்தவர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். சோபாவில் பொலிக்ஸேனியம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிளியோ. இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. கிளியோ ஒரு காகிதக் கைத்துடைப்பானில் வீடு ஒன்றை வரைந்து, அதைச் சுற்றிக் கோடுகள் போட்டுக்கொண்டிருந்தாள். கிழவி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பொலிக்ஸேனியம்மா டிராம் கண்டக்டரின் விதவை. எங்கள் தெருவில் மிஞ்சியிருந்த ஒரே ஓட்டு வீடு அவருடையது. பின்னால் முற்றம், அதில் ஒரு நாரத்தை மரம். இரண்டு பக்கமும் சராந்தோஸ் கட்டிய ஏழு மாடிகள். நடுவில் அந்த வீடு, விழுந்த பல் போல. அந்த மனையையும் கட்டி முடித்தால் தெருவே தன் பெயரில் நிற்கும் என்று அவர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் செத்தப்புறம் கேளு” என்று கிழவி சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதே கிழவி லாம்பிஸ் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, லாம்பிஸ் மகள் போடுகிற வரைபடத்துக்குத் தலையாட்டுகிறார்.

சராந்தோஸ் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “என் தெருவுல என் மனைய என் கண்ணு முன்னாலயே தூக்குறான்.”

“உங்க மனையா? கிழவி மனைங்க அது” என்றாள் அர்கிரோ.

மறுநாள் அந்தத் தெருவிலேயே விலை அதிகமான கடையில் பெட்டி வாங்கிக்கொண்டு ஓட்டு வீட்டுக் கதவைத் தட்டினார். பொலிக்ஸேனியம்மா உள்ளே கூட்டி உட்கார வைத்து, வழக்கப்படி ஒரு தட்டில் பாகில் ஊறிய நாரத்தைத் தோலும் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்தார். தனக்கும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“சுத்தி வளைக்க மாட்டேன்மா. நூத்துக்கு நாப்பத்தஞ்சு பங்கு உங்களுக்கு. இந்தத் தெருவுல எவனும் இதுக்கு மேல குடுத்ததில்ல.”

கிழவி மென்றுகொண்டிருந்தார். நாரத்தைத் தோல் லேசில் கரையாது. பல்லும் பாதிதான் இருந்தது.

“சரி, அம்பது.”

கிழவி ஜன்னலைப் பார்த்தபடி மென்றார்.

“லாம்பிஸ் அம்பது சொல்லியிருப்பான், தெரியும். அவன்கிட்ட கான்கிரீட் மெஷின் கூடக் கிடையாதும்மா, வாடகைக்கு எடுக்கிறான். அம்பத்தஞ்சு.”

கிழவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாகு தொண்டையில் மாட்டி இருமினார். சராந்தோஸ் தன் தண்ணீரை நீட்டினார்.

“அறுபது” என்றார். “முதல்ல நீங்க பொறுக்கிக்கோங்க. இதுக்கு மேல என் உசுரத்தான் குடுக்கணும்.”

பொலிக்ஸேனியம்மா தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். “லாம்பிஸ் நல்ல பையன்” என்றார். அப்புறம், “பத்திரம் எழுதுறவர்கிட்ட என்னிக்குப் போகலாம்?” என்று கேட்டார்.

அந்த வாரமே கையெழுத்தாகிவிட்டது. அறுபது என்று கேட்டதும் பத்திரம் எழுதுகிறவர் பேனாவை ஒரு நிமிஷம் தூக்கிப் பிடித்தார். சராந்தோஸ் அதைக் கவனிக்கவில்லை. செய்தி லாம்பிஸின் காதுக்கு எப்போது போகும் என்றுதான் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தானே போய்ச் சொல்லுவது அழகில்லை என்று, அவனுக்கு முடி வெட்டுகிறவரிடம் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

ஏழு மாடிக்கு வரைபடம் போடச் சொல்லி இன்ஜினியரிடம் போனபோதுதான் இடி விழுந்தது.

“ஏழா? உங்களுக்குத் தெரியாதா மேஸ்திரி? கிப்செலிக்கு மடங்கு குறையப் போகுது. அதுவரைக்கும் புது அனுமதி எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க. நாலு மாடிக்கு மேல கனவுலகூட வராது.”

“யார் செஞ்ச வேலை?”

“அமைச்சகத்துல ஒரு ஆய்வு. உங்க தங்கச்சி பொண்ணு எழுதினதுதானே அது?”

நாலு மாடியில் அறுபது பங்கைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை விற்றுச் சிமெண்டுக்குக்கூட ஈடுகட்ட முடியாது. சேர்த்து வைத்ததெல்லாம் அந்த மனையில் போய்விடும். வாக்கிலிருந்து பின்வாங்கினாலோ, சொன்ன பங்கைக் கொடுக்காத மேஸ்திரிக்கு ஏதென்ஸில் எவரும் ஒரு கோழிக்கூட்டைக்கூட நம்பித் தர மாட்டார். இரண்டில் எது நடந்தாலும் லாம்பிஸ் பார்த்துக்கொண்டிருப்பான்.

நேரே அமைச்சகத்துக்குப் போனார். கிளியோவின் அறைச் சுவர் முழுக்க ஒரு வரைபடம். எங்கள் தெருவை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். கட்டிடம் கட்டிடமாக, மாடி மாடியாகக் கட்டம் போட்டிருந்தது. பல கட்டங்களில் சிவப்பு.

“சிவப்பு என்ன?”

“பூட்டிக் கிடக்கிற ஃபிளாட், மாமா. உக்காருங்க.”

சிவப்பெல்லாம் கீழ்த்தளங்களிலும் பின்பக்கங்களிலும் இருந்தது. மேஸ்திரிக்கு வருகிற பங்கு. அவர் விற்ற ஃபிளாட்டுகள். உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்: “எங்க மேல உனக்கென்ன கோபம்? நாங்க கட்டலேன்னா மலையிலருந்து இறங்கி வந்த ஜனம் எங்க படுத்திருக்கும்? உன் அரசாங்கமா வீடு குடுத்துச்சு?”

“அதத்தான் முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன். அரசாங்கம் ஒரு காசு போடாம லட்சக்கணக்கான பேருக்கு வீடு கெடச்சது இந்தப் பங்கு முறையாலதான்னு. ஆனா இப்ப நெலம வேற மாமா. ஏழாவது மாடி உங்களுக்கும் லாபம், மனைக்காரருக்கும் லாபம். அது எதிர் வீட்டு ரெண்டாவது மாடியோட வெயில எடுத்துக்குதே, அந்த நஷ்டம் உங்க ரெண்டு பேர் கணக்குலயும் வராது. அதனால எல்லாரும் ஏழு கட்டுறாங்க. தெரு முழுக்கக் கூட்டிப் பாத்தா, மேல வந்தத விடக் கீழ போனது அதிகம். வசதி இருக்கிறவங்க வடக்கே மலைப்பக்கம் போறாங்க. மிஞ்சினது பூட்டிக் கிடக்கு.”

சராந்தோஸ் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்று சொல்ல ஒரு கட்டத்தைத் தேடினார். கிடைக்கவில்லை.

“உங்கப்பனுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிட்டே. அதான் அவன் புது மனையே தொடல.”

“அப்பா ரெண்டு வருஷமா அவரா கண்ணால பாத்துச் செய்யறார். நான் எல்லாருக்கும்தான் சொன்னேன் மாமா. அப்பா பெயர் நாளன்னிக்குக் காலையில மடங்கு குறையப் போகுதுன்னு அமைச்சர் சொன்னது பேப்பர்ல வந்துச்சு. சாயங்காலம் கூடத்துல எல்லாரும் கேட்டாங்க, விளக்கிச் சொன்னேன். அவசரப்பட்டு யாரும் புது மனைல கையெழுத்துப் போடாதீங்கன்னு உங்களுக்காகத்தான் ரெண்டு தடவ சொன்னேன். நிமிந்து பாத்தா நீங்க இல்ல. எங்க போயிருந்தீங்க?”

நடையில் கேக் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எந்த மனிதன் சொல்லுவான்?

“அப்ப கிழவிக்கு என்ன வரைஞ்சு குடுத்தே?”

“அவங்க வீட்டுப் பின்பக்க முத்தத்துக்கு எத்தன மணிக்கு வெயில் வரும், எத்தன மணிக்குப் போகும்னு கேட்டேன். நீங்க ரெண்டு பக்கமும் கட்டினதுக்கு முன்னாடி எப்படி, இப்ப எப்படின்னு. ஆய்வுக்கு.”

கடைசியில் அவர் குரல் இறங்கியது. “உன் தாய்மாமன் கேக்கறேன் தாயி. எனக்கு மட்டும் ஒரு அனுமதி.”

“அது என் கையில இல்ல மாமா. இருந்தாலும் தர மாட்டேன்.” அவள் ஒரு காகிதத்தை இழுத்தாள். “ஆனா இதப் பாருங்க. நாலு மாடி. பின்னாடி முத்தம் முழுசா விட்டுடுங்க. எல்லா ஃபிளாட்டுக்கும் ரெண்டு பக்கமும் ஜன்னல் வரும். உங்க பங்குல வர்றதும் பின்பக்கமா இருந்தாலும் வெளிச்சமா இருக்கும். எண்ணிக்கை கம்மி, ஆனா எதுவும் பூட்டிக் கிடக்காது.”

“அறுபது குடுத்தா?”

“அறுபது குடுத்தா உங்களுக்குச் சுவர்தான் மிஞ்சும்.”

“நாப்பத்தஞ்சு?”

“அப்ப நல்லாவே வரும்.”

அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பொலிக்ஸேனியம்மா வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை கிழவி நாரத்தைப் பாகு வைக்கவில்லை. காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

“மரம் நிக்குமா?”

“நிக்கும்மா.”

“எனக்குக் கீழ்த்தளத்துல, முத்தத்தப் பாத்து வீடு வேணும். எல்லாரும் மேலதான் பொறுக்குவாங்க. எனக்கு முட்டி வலி.” காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார். “நான் அன்னிக்கு அறுபது கேக்கல சராந்தோஸு. ஓடெல்லாம் ஒழுகுது, நாப்பத்தஞ்சுக்கே சரின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வாயில பாகு. நீ நிக்காம ஏறிக்கிட்டே போனே. சரி, ஓடுற குதிரைய ஏன் நிறுத்தணும்னு விட்டுட்டேன். நாப்பத்தஞ்சாவே மாத்தி எழுதிக்கலாம். ஒண்ணு மட்டும் செய்யணும்.”

“என்ன?”

“உன் பெயர் நாளுக்கு வருவேன். எல்லார் முன்னாலயும், இது யார் போட்ட திட்டம்னு நீ சொல்லணும். லாம்பிஸ் இருக்கும்போது.”

“பங்க அம்பதா வச்சுக்கலாமே” என்றார் சராந்தோஸ்.

கிழவி சிரித்துவிட்டார். “நாப்பத்தஞ்சு. சொல்லணும்.”

மார்ச்சில் நாற்பது புனிதர்களின் நாள் வந்தது, வழக்கம்போல் நோன்புக்குள்ளேதான். சராந்தோஸ் காலையிலேயே முகம் மழித்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். முன் எப்போதும் இல்லாத கூட்டம் வந்தது. மடங்கு குறைகிற செய்தி கேட்டுப் பயந்துபோன மேஸ்திரிகளும் மனைக்காரர்களும், சராந்தோஸ் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துகொள்ள அல்வாப் பெட்டியோடு மாடி ஏறினார்கள். லாம்பிஸ் எல்லோருடையதையும்விடப் பெரிய பெட்டி கொண்டுவந்தான். அதையும் சராந்தோஸ் பார்த்தார்.

பொலிக்ஸேனியம்மா சோபாவின் நடுவில் உட்கார்ந்து கைத்தடியால் தரையைத் தட்டினார். “கடைசி மனைல என்ன கட்டப்போறேன்னு சொல்லேன்ப்பா.”

சராந்தோஸ் எழுந்தார். காகிதத்தை மேசை மேல் விரித்து, தண்ணீர்க் கிளாஸை ஒரு மூலையில் வைத்தார். நாலு மாடி, முற்றம், இரண்டு பக்க ஜன்னல், எல்லாவற்றையும் சொன்னார். ஏழாவது மாடி யாருடைய வெயிலை எடுக்கிறது, அந்த நஷ்டம் ஏன் எவர் கணக்கிலும் வருவதில்லை என்பதையும் சொன்னார். கிளியோ அன்றைக்கு லாம்பிஸ் வீட்டில் விளக்கியதைவிட அது தெளிவாக இருந்தது என்று அங்கிருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

“நல்லா இருக்கு. யார் போட்ட திட்டம்?” என்றார் கிழவி.

லாம்பிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சராந்தோஸ் கையை நீட்டிக் கிளியோவைக் கூப்பிட்டார். அவளைத் தன் நாற்காலியில், வீட்டுத் தலைவரின் நாற்காலியில், உட்கார வைத்தார்.

“இவ போட்டது” என்றார். “என் தங்கச்சி மக.”

“அப்பா யாருன்னும் சொல்லு” என்றார் கிழவி.

“தாய்மாமன் வீட்டுல பேசிட்டிருக்கோம்மா, இங்க தாய்மாமனுக்குத்தான் பேச்சு. நடக்கத் தெரியாத வயசுலருந்து என் சிமெண்டு மூட்டைமேல உக்காந்து வளந்தவ. எந்த மாடிக்கு வெளிச்சம் வரும், எதுக்கு வராதுன்னு அப்பவே பாத்துட்டிருந்திருக்கா. படிப்பு அப்புறம் வந்தது. ரத்தம் எங்களது.”

கூடமே சிரித்தது. கிளியோ முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “எங்க மனையையும் ஒரு தடவ பாத்துச் சொல்லு தாயி” என்று நச்சரித்தார்கள். அமைச்சக வேலையில் இருந்துகொண்டு தனியாருக்குத் திட்டம் போட முடியாது, என் மாமாவைக் கேளுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டாள். லாம்பிஸை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் கையில் இருந்த அல்வாத் துண்டு அப்படியே இருந்தது.

“அவ கணக்குல புலியானது என்கிட்டதான் மச்சான்” என்றான் கடைசியில். “ராத்திரி ராத்திரி உக்காந்து நான்தான் வாய்ப்பாடு...”

“நீ வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தியா? உனக்கே நான்தான மாப்ள சொல்லிக்குடுத்தேன்.”

அந்தக் கட்டிடம் நாலு மாடியோடு இன்றும் நிற்கிறது. அதில் ஒரு ஃபிளாட்கூட ஒரு நாளும் பூட்டிக் கிடந்ததில்லை. பொலிக்ஸேனியம்மா நாரத்தை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெயில் வருவதையும் போவதையும் கிளியோவுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

சராந்தோஸின் அந்தப் பெயர் நாளுக்கு மறுநாள் ஸ்தமாத்தியா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“என்னண்ணே பண்ணிட்டீங்க. அவர் வழியெல்லாம் கார்ல ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்டார் தெரியுமா? ‘உங்கண்ணன் வீட்டுக்கு எத்தன பெட்டி வந்திருக்கும்’னு.”

சராந்தோஸ் காபியைக் கீழே வைத்தார்.

“அர்கிரோ,” என்று சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார், “இங்க வா. ஸ்தமாத்தியா, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லு.”